தொட்டுப் படிக்கிற தாள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே கால் ஆடிக்கொண்டிருக்கும். டீ ஆறுவதற்குள் எழுந்து போய் ஜன்னல் கொக்கியை ஒரு திருகு திருகிவிட்டு வருவார். "உங்களுக்குள்ள எங்கயோ மோட்டார் ஓடுது. நிறுத்துற பட்டன்தான் தெரியல" என்பாள் மனைவி. அவள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலையில் இருந்தவள். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து, மற்றவர்கள் விட்டுவிட்ட ஒற்றையும் புள்ளியையும் பிடித்து இழுத்து வெளியே போடுகிறவள்.

சர்க்கரை நோய் அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்றது. முதலில் பொடி எழுத்து போயிற்று. பிறகு தலைப்பு எழுத்து. அப்புறம் எதிரில் நிற்பவர் முகம். லேசர், அறுவை சிகிச்சை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. கைபேசியில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற செயலி ஒன்றைத் தங்கை மகள் போட்டுக் கொடுத்தாள். இரண்டு வாக்கியம் கேட்டதும் அதை மேசை டிராயருக்குள் தள்ளிவிட்டாள் இவள். "இது படிக்கல, மெல்லுது."

அதற்குப் பின் வீட்டில் மெக்கானிக்கின் நடை அதிகமானது. கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம். பழுதான எதையும் விட்டுவைத்துப் பழக்கமில்லாத மனிதர். இப்போது வீட்டிலேயே பெரிய பழுது ஒன்று உட்கார்ந்திருந்தது, அதற்கு அவரிடம் கருவி இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்த இயந்திரம் கிடைத்தது. அவர் லிஃப்ட் பராமரிக்கிற கட்டடம் ஒன்றில் ஓர் அலுவலகம் காலியாகிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று ஒதுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பெட்டி. "பார்வை இல்லாதவங்க தொட்டுப் படிக்கிற புள்ளி எழுத்து இருக்குல்ல, பிரெயில்? அதை அடிக்கிற பிரிண்டர். ஓடுதான்னு தெரியாது. வேணும்னா தூக்கிட்டுப் போங்க" என்றார் காவலாளி. மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி பார்வையற்றோர் பள்ளியில் பெரியவர்களுக்கான பிரெயில் வகுப்புக்கு அப்போதுதான் போகத் தொடங்கியிருந்தாள். செவ்வாயும் வியாழனும் பள்ளி வேன் வந்து அழைத்துக்கொண்டு போகும்.

பெட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மருந்துக்கடை மாடிக்குக் கொண்டுபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்த மாடி அறையில் அவரையும் சேர்த்து நாலு பேர் கூடுவார்கள். சுற்றிலும் மருந்து அட்டைப்பெட்டிகள், நடுவில் ஒரு நீள மேசை. நாலு பேரும் லினக்ஸ் பைத்தியங்கள். கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள்களில் அதுவும் ஒன்று. யாரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே புகுந்து எதையும் மாற்றிக்கொள்ளலாம், மாற்றிய பிறகு ஓடாவிட்டால் அழவும் நாமேதான் அழ வேண்டும். நின்றுபோன மடிக்கணினி, ஊமையாகிப்போன ஒலிபெருக்கி, இருக்கிற இடம் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் பிரிண்டர் என்று ஒவ்வொருவரும் எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கடையின் சொந்தக்காரி மருந்தாளர். எல்லோருக்கும் அக்கா. பில் அடிக்கிற சின்ன பிரிண்டர் ஒன்று அவளை அழவைத்ததில் தொடங்கிய ஆர்வம். இன்னொருவர் பேக்கரிக்காரர். லினக்ஸின் உட்கருவுக்குக் கெர்னல் என்று பெயர். அதைத் தானே பிரித்துக் கட்டிக்கொள்கிறவர் என்பதால் இவருக்குக் கர்னல் என்று பெயர் விழுந்துவிட்டது. இது தெரியாமல், ராணுவத்தில் இருந்தவர் என்று நினைத்துக் கீழே மருந்து வாங்க வருகிற ஒரு பெரியவர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் விறைப்பாக சல்யூட் அடிப்பார். கர்னலும் மாவு ஒட்டிய கையால் திருப்பி அடிப்பார். நாலாவது ஆள் வீடு வீடாக இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிறவன். பெயர் கேபிள். இடுப்பில் எப்போதும் ஒரு சுருள் வயர் தொங்கும்.

"இதைச் செஞ்ச கம்பெனியே இப்போ இல்ல" என்றார் கர்னல், பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த தகட்டைப் படித்துவிட்டு. "நமக்கு வழிகாட்ட ஒரு ஈ காக்கா கிடையாது."

"அதனாலதானே உங்ககிட்ட கொண்டாந்தேன்" என்றார் மெக்கானிக். நின்ற இடத்திலேயே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். "எவ்வளவு நாள் ஆகும்?"

"யோவ், இன்னும் பிளக்கே சொருகலைய்யா."

சொருகினார்கள். பழைய இயந்திரத்தின் வாய் வேறு, புதிய கம்ப்யூட்டரின் வாய் வேறு. நடுவில் ஓர் இணைப்பான் வைத்தார்கள். அந்த முனையில் ஏதோ இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டது, ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. ஒன்று வேகமாகப் பேசியது, மற்றது மெதுவாகக் கேட்டது. கர்னல் வேகத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு படியில் இயந்திரம் திடீரென்று உயிர்பெற்று, ஆணி அடிக்கிற சத்தத்தில் தடதடவென்று தாளைக் குத்தியது. மேசையிலிருந்த டீ தம்ளர்கள் நடனமாடின. கீழே இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர் இருமலை மறந்து வெளியே ஓடினார்.

மெக்கானிக் அந்தத் தாளைக் குழந்தையை எடுப்பதுபோல எடுத்தார். அதில் அடித்திருந்தது அவரே எழுதியது. இத்தனை வருஷத்தில் தன் வேலையைப் பற்றி மனைவியிடம் அவர் உட்கார்ந்து பேசியதில்லை. அவளுக்கோ லிஃப்ட் என்றாலே பயம், எந்தக் கட்டடத்திலும் படியேறித்தான் போவாள். அதனால் லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். அவள் விரலால் படிக்கப்போகிற முதல் எழுத்து தன்னுடையதாக இருக்கட்டும் என்று ஓர் ஆசை.

வீட்டுக்கு வந்து அதை அவள் மடியில் வைத்தார். அவள் இடதுகையால் தாளைப் பிடித்துக்கொண்டு வலதுகையின் சுட்டுவிரலை மெதுவாக நகர்த்தினாள்.

"தப்பு" என்றாள்.

"என்ன தப்பு?"

"பாதி வரிக்கு மேல ஒண்ணும் புரியல. கோழி கிளறின மாதிரி இருக்கு."

அது உண்மைதான். மறுவாரம் பார்த்தபோது ஒவ்வொரு வரியிலும் பின்பாதி விழாமல் போயிருந்தது. இயந்திரம் குத்தி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் அடுத்த எழுத்துகளைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. 'பொறு' என்று இயந்திரம் சொன்னால் நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வரிகள் முழுதாக வந்தன.

"தப்பு" என்றாள் மனைவி.

தமிழ் எழுத்தைப் புள்ளியாக மாற்றுகிற அட்டவணை பழையது என்று கர்னல் கண்டுபிடித்துப் புதியதைப் போட்டார். "தப்பு." புள்ளிகள் போதிய அளவு புடைக்கவில்லையோ என்று மெக்கானிக் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து, சுத்தியல்களின் விசையைக் கூட்டி, கெட்டித் தாள் போட்டார். "முன்னைக்கு இது தேவலாம். ஆனா தப்பு."

வீட்டிலிருந்தே தாள் அடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் மெக்கானிக் இயந்திரத்தை நெட்வொர்க்கில் இணைக்கச் சொன்னார். கேபிள் வயர் இழுத்துக் கொடுத்தான். அதிலிருந்து ஒரு புதுத் தொல்லை. யாரும் எதையும் அனுப்பாமலேயே இயந்திரம் நினைத்த நேரத்தில் எழுந்து ஒரு வரியைக் குத்திவிட்டுப் படுத்துக்கொண்டது. கீழே கடையில் அக்காவுக்கு நெஞ்சு பதறும். "பேய்க்கும் பிரெயில் தெரியும்போல" என்றான் கேபிள். கடைசியில் பார்த்தால் பேய் கடையிலேயே இருந்தது. பில் போடுகிற கம்ப்யூட்டர், புதிதாக யாரோ வந்திருக்கிறார்களே என்று அவ்வப்போது இதன் கதவைத் தட்டி 'நீ யார்?' என்று கேட்டிருக்கிறது. இது அந்தக் கேள்வியையே தாளில் அடித்துவைத்திருக்கிறது. அந்தக் கதவையும் அடைத்தார்கள்.

தப்பு, தப்பு, தப்பு. ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஒரு சொல்லைத்தான் மெக்கானிக் மாடிக்குக் கொண்டுவந்தார். வயரில் இரைச்சல் ஏறுகிறது என்றார் கர்னல். வயரைக் குறை சொன்னால் கேபிளுக்குப் பொறுக்காது. "உங்க அட்டவணையில ஓட்டை இருக்கு. என் வயர் மேல பழி போடாதீங்க." இரண்டு பேரும் ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேசவில்லை. மெக்கானிக் அறையின் குறுக்கே நடந்துகொண்டிருந்தார். அவருடைய உதறல் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. அக்கா அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கேபிள் வயர் துண்டுகளை வெட்டி வெட்டித் தரையெல்லாம் இறைத்தான்.

அக்காதான் ஒருநாள் கீழே போய் ஒரு மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இத்தனை நாளா இதைக் கையில வெச்சுக்கிட்டே முட்டாள் மாதிரி இருந்திருக்கேன்" என்றாள். "இந்த ஓரத்தைத் தடவிப் பாருங்க."

டப்பாவின் ஓரத்தில் மருந்தின் பெயர் பிரெயிலிலும் புடைத்திருந்தது. அதே பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து இயந்திரத்துக்கு அனுப்பினார்கள். வந்த தாளை டப்பாவின் பக்கத்தில் வைத்து, மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நாலு தலைகளும் குனிந்து பார்த்தன. புள்ளிக்குப் புள்ளி ஒன்றுதான். இடைவெளிகூட மாறவில்லை. இயந்திரம் யோக்கியன் என்று ஆகிவிட்டது. மீதி இருந்தது தமிழ் அட்டவணை. பிரெயில் எழுத்துப் படம் ஒன்றை விரித்துவைத்து, அக்கா உயிரெழுத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். எல்லாம் சரி. எந்தப் புள்ளியாவது அங்கங்கே சறுக்குகிறதோ என்று கடைசியாக ஒரு தாள் முழுக்க, ஒவ்வொரு எழுத்தின் இடத்திலும் ஆறு புள்ளிகளையும் நிரப்பி அடித்துப் பார்த்தார்கள். எழுத்தே இல்லாத, வெறும் புள்ளி வயல். ஒரு புள்ளிகூட சோடை இல்லை.

கர்னல் நாற்காலியில் சாய்ந்தார்.

"மெஷின் சரி. வயர் சரி. அட்டவணை சரி." கேபிளைப் பார்த்து, "உன் வயர் ரொம்ப நல்ல வயர்டா" என்று சமாதானமும் செய்துகொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "அப்போ பழுது இந்த ரூம்ல இல்ல மெக்கானிக்."

"என்ன சொல்ற நீ?"

"நான் ஒண்ணும் சொல்லல. ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வர்றோம்ல. மிச்சம் இருக்கிறதைத்தான்..."

"அவ இருபது வருஷம் மெய்ப்புப் பார்த்தவ! அவ தப்புன்னா தப்புதான்!"

அக்கா மெல்ல, "அண்ணே, அண்ணி மேல யாரும் குத்தம் சொல்லல. வகுப்புல எந்த அளவு வந்திருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றாள். மெக்கானிக் மேசையில் கிடந்த தாள்களை வாரிப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிய சத்தத்திலேயே அவர் மனநிலை அவளுக்குத் தெரிந்துவிட்டது. "என்ன, இன்னிக்குக் குஸ்தியா?" என்றாள். அவர் பைக்குள் கைவிட்டு ஒரு தாளை உருவி அவள் மடியில் வைத்தார்.

அவள் விரலை நகர்த்தினாள். நெற்றியைச் சுருக்கினாள். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் தாவினாள். மூன்றாவது வரியில் நின்று, அந்த இடத்தை மறுபடியும் ஒரு தடவை தடவினாள்.

"எவ்வளவோ பரவால்ல" என்றாள். "ஆனா மூணாவது வரியில ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

மெக்கானிக் தாளைப் பார்த்தார். மாலை வெளிச்சம் சாய்வாக விழுந்ததில் புள்ளிகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி. அவசரத்தில் அவர் உருவியது அந்த வெறும் புள்ளித் தாளை.

"சொல்றேன் அவங்ககிட்ட" என்றார். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி, எந்தக் கடைக்கும் போகாமல் நடந்தார். கோபமா, அவமானமா, பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை வாரம் நாலு பேரை ஆட்டிவைத்தது எதற்கு? வேன் ஏறி வகுப்புக்குப் போகிறவள் அங்கே என்னதான் செய்கிறாள்? என்னிடம் ஏன் நடிக்க வேண்டும்? கேட்டுவிடலாம் என்று திரும்பி வருவார், வாசலைப் பார்த்ததும் மறுபடி நடப்பார். அன்று கேட்கவே இல்லை.

மறுநாள் காலையில் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

டீ போடுவது இப்போதும் அவள்தான். அடுப்படியில் எது எங்கே என்று அவள் கைக்கு மனப்பாடம். அவர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொதித்த பாத்திரத்தை அவள் இறக்கினாள். வலதுகை துணியோடு கைப்பிடியைப் பிடித்திருந்தது. இடதுகையின் விரல்கள் பாத்திரத்தின் விளிம்பைத் துணி இல்லாமல் பிடித்திருந்தன. அவசரப்படாமல், முகம் கோணாமல், தம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் பாய்ந்துபோய்க் கையைத் தட்டிவிட்டார். பாதி டீ தரையில் கொட்டியது.

"என்னங்க இது? பேயறைஞ்ச மாதிரி!"

"சுடலையா உனக்கு?"

"எது?"

குழாயைத் திறந்து அவள் விரல்களைத் தண்ணீரில் காட்டினார். விரல் நுனிகள் சிவந்துவிட்டிருந்தன. ஒன்றில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஆறிப்போன பழைய தழும்புகள். சமைக்கிற கையில் தழும்பு இருக்கத்தான் செய்யும் என்று அவர் இதுவரை கவனித்துப் பார்த்ததில்லை.

"எப்போலேருந்து?" என்றார்.

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"கண்ணு போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் மரத்துதான் இருந்தது. அச்சகத்துல தாள் புரட்டவே ரெண்டு மூணு தடவை தடவணும். வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்." தண்ணீர் சத்தத்துக்கு நடுவில் மெதுவாகச் சொன்னாள். "வகுப்புல முதல் நாளே டீச்சர் என் விரலைப் பிடிச்சுத் தாள் மேல வெச்சாங்க. என்ன தெரியுதுன்னு கேட்டாங்க. எனக்கு மேசையைத் தொட்ட மாதிரிதான் இருந்தது."

"நேத்து நான் குடுத்த தாள்ல எழுத்தே கிடையாது. வெறும் புள்ளி."

அவளிடமிருந்து ஒரு சிரிப்பு வந்தது, அடக்க அடக்க வந்தது. "மூணாவது வரின்னு சொன்னேனே... எந்தத் தாளை எடுத்தாலும் மூணாவது வரிக்குள்ள ஒரு தப்பு இருக்கும்ங்க. என் சர்வீஸ்ல பொய்த்ததே இல்ல. முதல் தாள்ல பாதி வரின்னு சொன்னதும் இப்படி ஒரு குத்துமதிப்புதான்." சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் அழத் தொடங்கினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"அந்த மெஷின் கிடைச்ச அன்னிக்கு நீங்க விசில் அடிச்சுக்கிட்டே படியேறி வந்தீங்க. எவ்வளவு நாளாச்சு அந்த விசிலைக் கேட்டு! அதுல போய் மண்ணைப் போடணுமா? நாலு தடவை தப்புன்னு சொன்னா சலிச்சுப்போய் விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

"நான் விடுவேனா?"

"விடலியே! வாராவாரம் ஒரு தாளைத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க. என் பொய்யும் உங்க மெஷின் மாதிரி நிக்காம ஓடுது."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கொப்புளத்துக்கு மருந்து தடவிவிட்டு வேலைக்குப் போனார். அன்று லிஃப்டின் மேல்கூரையில் நின்றுகொண்டு, எந்தத் திருகைக் கழற்றினோம், எதை மாட்டினோம் என்று இரண்டிரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. கண் போனதை அவளால் மறைக்க முடியவில்லை. விரல் போனதை மறைத்துவிட்டாள், அதே வீட்டில், தன் மூக்குக்குக் கீழேயே. சத்தத்தை வைத்தே மோட்டாரின் நோயைச் சொல்லுகிற தனக்கு இது தெரியவில்லை.

இன்னொரு கேள்வியும் அரித்தது. படிக்க முடியாது என்று தெரிந்தும் அவள் வேன் வந்த நாளில் எல்லாம் ஏறித்தான் போயிருக்கிறாள். எங்கே? அவளிடம் கேட்டால், "வியாழக்கிழமை வந்து பாருங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

போனார். பள்ளியின் பின்கட்டில் ஒரு சிறிய அறை. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சுகிற பஞ்சுப் பலகைகள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண் புத்தகம் ஒன்றை மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தாள். பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை ஒலியாகப் பதிகிறார்கள். இந்தப் பக்கம் காதில் ஹெட்ஃபோனோடு அவருடைய மனைவி. அச்சகத்தில் உட்கார்ந்திருந்த அதே உட்காரல், அதே சாய்ந்த தலை. சட்டென்று கையைத் தூக்கினாள். வாசிப்பு நின்றது.

"'சுவரில் பள்ளி ஓடியது'ன்னு படிச்சீங்க. சுவர்ல பள்ளி ஓடாதுமா. பல்லி. அந்த வாக்கியத்தை மறுபடியும் எடுங்க."

கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பதிவு அறையின் பொறுப்பாளர் மெக்கானிக்கை வெளியே அழைத்துவந்து பேசினார். "சும்மா தாழ்வாரத்துல உட்கார்ந்திருந்தாங்க சார். கதவு திறந்திருந்தது. வெளியிலேருந்தே 'அது தப்பு, அது தப்பு'ன்னு குரல் வந்தது. முதல்ல எனக்கு எரிச்சல்தான். அப்புறம் உள்ள வந்து உட்காருங்கன்னு சொல்லிட்டேன். இப்போ அவங்க கேக்காம எதையும் வெளியிடறதில்ல."

மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்றார். தான் பழுது பார்த்துக்கொண்டிருந்த இத்தனை நாளும் அவள் தனக்கு ஒரு வேலையைத் தானே தேடி உட்கார்ந்துவிட்டிருக்கிறாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சந்தோஷத்துக்குள் ஏதோ ஒன்று நெருடியது. அந்த இயந்திரம் அவளுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நடந்ததை எல்லாம் சொன்னார். கர்னலைப் பார்த்து, "அன்னிக்குக் கத்திட்டேன்" என்றார். "விடுய்யா" என்றார் கர்னல். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வர்றவங்ககிட்டயெல்லாம் கை கால் மரத்துப்போகுதான்னு கேக்கிறேன். அண்ணியை ஒரு நாள் கேக்கலியே!" கேபிள் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ இதை என்ன பண்றது?"

"பள்ளிக்கூடத்துல இருந்த பிரிண்டர் உடைஞ்சு கிடக்காம்" என்றார் மெக்கானிக். "தூக்குவோமா?"

தூக்கினார்கள். நாலு பேரும் பிடித்து, படியின் திருப்பத்தில் கர்னலின் விரல் நசுங்கி, அவர் ராணுவத்துக்குத் தகுதியான வார்த்தைகள் சிலவற்றை உதிர்த்து, ஒருவழியாகப் பேக்கரி வேனில் ஏற்றினார்கள். பள்ளியில் நெட்வொர்க் வேறு ரகம். இயந்திரத்துக்குக் கொடுத்த முகவரியில் ஏற்கெனவே வாசல் கேமரா குடியிருந்தது. இரண்டும் ஒரே வீட்டுக்குச் சண்டை போட்டதில் கேமராவும் போயிற்று, பிரிண்டரும் போயிற்று. கேபிள் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு வேறு முகவரி கொடுத்தான். மெக்கானிக் நின்ற இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டிருந்ததில் வயர் காலில் மாட்டி ஒருதரம் எல்லாமே அணைந்தது. "அண்ணே, கெஞ்சிக் கேட்டுக்கிறேன், வெளிய போய் நடங்க" என்றான் கேபிள்.

இயந்திரம் எழுந்தது. அனுப்பிப் பார்க்கக் கையில் இருந்தது பழைய கோப்புதான். தடதடவென்று தாள் வெளியே வந்ததும் பிரெயில் வகுப்பு டீச்சர் அதைக் கிழித்தெடுத்தாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. விரல் தாளின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது, வாய் கூடவே ஓடியது.

"'லிஃப்டை மோட்டார் மட்டும் தூக்குவதில்லை. மறுமுனையில் அதற்குச் சமமாக ஓர் எடைக்கல் தொங்குகிறது. நீ மேலே போகும்போது அது கீழே வரும். உன் கண்ணுக்கு அது தெரியாது. கயிறு ஒன்றல்ல, பல. ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும். எல்லாம் போனாலும் தண்டவாளத்தைக் கவ்விப்பிடிக்கிற பிடி ஒன்று கீழே இருக்கிறது. அதை மாதந்தோரும் நான்தான் சோதிக்கிறேன். அதனால் நீ பயப்படாதே.'"

டீச்சர் நிறுத்தினாள். "யார் எழுதினது இது?"

பதிவு அறையிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்த மனைவி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த எழுத்துக்குள் இருந்த குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"'மாதந்தோரும்'னு இருக்கு" என்றாள் டீச்சர். "அங்க வர வேண்டியது வல்லின றகரம் இல்லையா?"

"ஆமா" என்றாள் மனைவி. "மாதந்தோறும்." பிறகு, "அது ஒண்ணுதான் தப்பு. மத்ததெல்லாம் சரி" என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மெக்கானிக்குக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் இருவரும் டாக்டரைப் பார்த்தார்கள். அக்கா சொன்னதன்பேரில் போனது. டாக்டர் அவள் கண்ணை மூடச் சொல்லி, பிறகு தானே அசடு வழிந்து, மெல்லிய நைலான் இழை ஒன்றால் விரல்களையும் பாதங்களையும் தொட்டுத் தொட்டு "இப்போ? இப்போ?" என்று கேட்டார். கையைவிடக் கால் மோசமாக இருந்தது. போன உணர்ச்சி திரும்பி வருவது கஷ்டம், இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வெறுங்காலில் நடக்கக் கூடாது. இறுக்கமில்லாத, விரல்களை மூடுகிற செருப்பு வாங்க வேண்டும். தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். "நான் பார்க்கிறேன்" என்றார் மெக்கானிக், டாக்டர் கேட்டு முடிப்பதற்கு முன்பே.

அங்கிருந்து நேராகச் செருப்புக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு ஜோடியை மாட்டிவிட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றார் மெக்கானிக்.

"எனக்கெப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செருப்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார்.

"நிஜமாவா? இல்ல, என்னை மாதிரி சொல்றீங்களா?"

அவர் மறுபடியும் அழுத்திப் பார்த்தார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. சுண்டுவிரல் பக்கம் தோல் கொஞ்சம் விம்மி நின்றது.

"சின்னதாப் பிடிக்குது" என்றார். "இதுக்கு அடுத்த சைஸ் குடுங்க."

கடைக்காரர் ஏணியில் ஏறினார்.